பாண்டிச்செல்வி அக்கா வீட்டு ஃபினியல்

“ஊரு பூராம் பொட்டி பொட்டியா அடுக்கி வச்சிருக்கானுக. ஒருத்தனாச்சும் வீடு கட்டியிருக்கானா?”

பாண்டிச்செல்வி அக்கா இதைச் சொல்லாத இடம் எங்கள் மலையில் கிடையாது. கொடைக்கானல் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சொல்வாள். ரேஷன் கடை வரிசையில் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சொல்வாள். ஒருமுறை துட்டி வீட்டில், ஒப்பாரிக்கு நடுவே மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தவள், தளத்தில் ஈரம் கோத்திருப்பதைப் பார்த்துவிட்டாள். அங்கேயும் சொன்னாள். செத்தவருடைய மகன்தான் அந்த வீட்டைக் கட்டியவன். கதறிக்கொண்டிருந்தவன் கதறலை நிறுத்திவிட்டு, சென்ட்ரிங் எல்லாம் நல்லாத்தான் போட்டோம் என்று கணக்கு ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டான்.

இதை அக்காவின் குரலிலேயே சொல்ல வேண்டுமென்றால், ‘பூராம்’ என்பதில் பள்ளத்திலிருந்து கிளம்ப வேண்டும். முதல் ‘பொட்டி’யில் கியர் மாற்றி, இரண்டாவது ‘பொட்டி’யில் தாண்டிக்குடி ஜீப் மாதிரி உறுமிக்கொண்டு வளைவு ஏறி, ‘கட்டியிருக்கானா’வில் இரண்டு கையையும் விரித்து பிரேக் போட வேண்டும். எங்கள் ஊரில் பேச்சு வந்த பிள்ளைகள் எல்லாம் இதைச் சொல்லும். அக்கா காதில் விழச் சொன்னால் ஓடவும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் பூம்பாறையைத் தாண்டிப் போகிற பாதையில் இருக்கிறது. பூண்டு விளைகிற ஊர். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் பூண்டு வாசம் எதிரே வந்து கையிலிருக்கும் பையை வாங்கிக்கொள்ளும். அக்கா பிறந்தது ஒரு சரிவில், முத்துராஜ் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது எதிர்ச்சரிவில். இரண்டு சரிவிலும் பூண்டுதான். அவள் கையைக் கழுவிவிட்டு மல்லிகைப்பூ கட்டினாலும் பூவில் ரசம் வாசம் வரும்.

முத்துராஜ் அண்ணனைப் பற்றி அதிகம் சொல்ல இயலாது, ஏனென்றால் அவரே அதிகம் சொல்ல மாட்டார். அவரிடம் மொத்தம் மூன்று வார்த்தைகள் உண்டு. ‘சரி’, ‘ஆகட்டும்’, ‘பாப்பம்’. குடும்பம், விவசாயம், தேர்தல் எல்லாவற்றையும் இந்த மூன்றிலேயே ஓட்டிவிடுவார்.

இவ்வளவு பூண்டு விளைந்தாலும் எங்கள் ஊர் முருகனுக்கு மட்டும் பூண்டு ஆகாது. கோயில் பிரசாதத்தில் பூண்டு கிடையாது என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். எங்கள் ஊரில் அதற்கு மேலேயும் ஒரு சட்டம் உண்டு. வடுகபட்டி சந்தைக்குப் பூண்டு மூட்டை ஏற்றிப்போகிற ஜீப் கோயில் முன்னால் நிற்கவே கூடாது. ஒருமுறை கோயில் வாசலில் டயர் பஞ்சராகிவிட்டது. அப்போதுகூட ஆறேழு பேர் சேர்ந்து வண்டியைக் கோயிலைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போய் வைத்துத்தான் டயரைக் கழற்றினார்கள். தள்ளச் சொன்னவர் பெரியவர் நல்லசாமி. கோயில் காரியம் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் பேசினால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே நாம் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். முடிக்கும்போது மட்டும் ‘அம்புட்டுத்தான்’ என்று பட்டென்று முடிப்பார். அதற்குப் பிறகு ஊரில் யாரும் வாயைத் திறப்பதில்லை, பாண்டிச்செல்வி அக்காவைத் தவிர. அவருக்கு அவள் மருமகள் முறை.

சரி, பெட்டிக்கு வருவோம். பூண்டு வேலை இல்லாத மாதங்களில் அக்கா கொடைக்கானலில் ஒரு பழைய கல் பங்களாவுக்கு வேலைக்குப் போவாள். எப்போதோ ஒரு வெள்ளைக்காரர் கட்டியது, இப்போது ஓட்டல். காலையில் கூட்டித் துடைப்பது, சாயங்காலம் குடை தூக்குவது. குடை எதற்கென்றால், மேனேஜர் ஷர்மிளா மேடம் தினமும் டீக்குப் பிறகு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு பங்களாவைச் சுற்றிக் காட்டுவார், அப்படியே மேட்டிலிருக்கும் பழைய சர்ச்சுக்கும் நடப்பார். கொடைக்கானல் மழைக்கு இந்த நேரம் நன்றாகத் தெரியும். அக்கா ஒரு கட்டுக் குடையோடு பின்னாலேயே போவாள்.

ஷர்மிளா மேடத்தின் குரலுக்கு மூக்கை லேசாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கைஸ், ஜஸ்ட் லுக் அப், இதுதான் கேபிள், எவ்ளோ க்யூட் இல்ல? பிறகு பார்ஜ் போர்டு, பிறகு டார்மர், பிறகு பே விண்டோ, உச்சியில் ஃபினியல். சர்ச்சுக்குப் போனால் லான்செட், பட்ரஸ். எந்த வருஷம் எந்த விருந்தாளி வந்தாலும் ஒரு சொல் மாறாது. கோயில் அர்ச்சனையைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்பவர்கள் உண்டல்லவா, அதுபோல அக்காவுக்கு மொத்தமும் பாடமாகிவிட்டது.

ஊருக்கு வந்து எங்களுக்கும் பாடம் நடத்தினாள். இரண்டு பக்கமும் சரிகிற கூரைக்கு முன்னால் முக்கோணமாக எழும்புகிற சுவர்தான் கேபிள். அந்த முக்கோணத்தின் இரண்டு ஓரத்திலும் முந்தானைச் சரிகை மாதிரி பூவேலை செய்த பலகை ஓடும், அது பார்ஜ் போர்டு. கூரைச் சரிவிலிருந்து எட்டிப் பார்க்கிற குட்டி ஜன்னல், அதற்கென்று தனிக் குட்டிக் கூரை, அது டார்மர். சுவரை விட்டு வெளியே தொந்தி தள்ளி நிற்கிற ஜன்னல் பே விண்டோ. ஈட்டி முனை மாதிரி உச்சி கூர்ந்து ஒல்லியாக நிற்பது லான்செட். சுவர் சாயாமல் வெளியே இருந்து தாங்கிப் பிடிக்கிற கல்தூண் பட்ரஸ். எல்லாவற்றுக்கும் மேலே, கேபிளின் உச்சந்தலையில் கூராக ஒன்று நிற்கும், அதுதான் ஃபினியல். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் ஒன்றுதான், பூவில்லாத கொண்டை என்பாள்.

சொல் கையில் கிடைத்தால் அக்கா சும்மா இருப்பாளா? முத்துராஜ் அண்ணனின் தொந்தி பே விண்டோ ஆனது. நல்லசாமியின் நரைத்த புருவம் பார்ஜ் போர்டு. பக்கத்துத் தோட்டத்து இருளாயி உச்சியில் போடுகிற சின்னக் கொண்டைக்கு ஃபினியல். டாஸ்மாக்கிலிருந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் பட்ரஸ். கொஞ்ச நாளில் ஊரே இப்படிப் பேச ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த ஒரு பெண், “ஆளு நல்லாத்தான் இருக்காக, ஆனா பல்லு டார்மர்” என்று சொன்னதும் அந்தச் சம்பந்தம் முடிந்தது.

இப்படி இருக்கையில் ஒரு ஐப்பசி மழையில் அக்காவின் வீட்டுச் சுவர் ஒன்று உட்கார்ந்துவிட்டது. பழைய மண் சுவர். யாருக்கும் அடியில்லை. முத்துராஜ் அண்ணன் தகரக் கொட்டகை போட்டு, சாமான்களை அதற்குள் நகர்த்தினார். அக்கா ஈரச் சேற்றில் நின்றுகொண்டு சிரித்தாள் என்று இருளாயி சத்தியம் செய்கிறாள். இருக்கும். இத்தனை வருஷம் வாயால் கட்டிக்கொண்டிருந்த வீட்டைக் கல்லால் கட்ட இடம் கிடைத்துவிட்டதே.

கொத்தனார் பழனிக்குமார் அய்யம்பாளையத்திலிருந்து வந்தார். எதைக் கேட்டாலும், மருதாநதி டேம் பக்கத்துல ஒரு வீடு கட்டுனேன் பாருங்க என்றுதான் தொடங்குவார். டேம் பக்கத்தில் அவர் கட்டியது பூராவும் பெட்டி. அக்கா அவரைக் கையோடு கொடைக்கானலுக்குக் கூட்டிப்போய், பங்களாவையும் சர்ச்சையும் ஒரு சுற்று சுற்றிக் காட்டினாள். ஷர்மிளா மேடம் குரலிலேயே காட்டினாள். கழுத்து வலிக்க மேலே பார்த்தபடி நடந்த பழனிக்குமார், சர்ச்சின் பட்ரஸைக் கண்டதும் நின்றுவிட்டார். அவருக்கு அது பெரிய மானப் பிரச்சினை.

“ஏக்கா, சொவத்துக்கு முட்டுக் குடுத்தா, கொத்தனார் கட்டுனது சாயுதுன்னுல்ல ஊரு பேசும்?”

“நீ மட்டும் என்னய்யா, உம் பொண்டாட்டி முட்டுக் குடுக்கப் போயித்தான நிமிந்து நிக்கிற. அதுக்காக உன்னயச் சாயிறவன்னு ஊரு சொல்லுதா?”

பழனிக்குமார், சொல்லுதுதான் என்றார். ஆகையால் பட்ரஸ் மட்டும் வேண்டாம் என்று முடிவானது. மற்ற எல்லாம் உண்டு.

முத்துராஜ் அண்ணனிடம் கேட்டபோது அவர் ‘பாப்பம்’ என்றார். கேபிள் எழும்பியபோது ‘ஆகட்டும்’ என்றார். பே விண்டோ தொந்தியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது தன் வயிற்றை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டு ‘சரி’ என்றார். மாடிப்படி ஓரத்தில் இரண்டு லான்செட் ஜன்னல், சர்ச்சில் இருப்பது போலவே, ஆனால் ஆடு நுழையாமல் இருக்கக் கம்பி போட்டது. கூரைச் சரிவில் ஒரு டார்மர். அதன் வழியாக யார் எட்டிப் பார்த்தாலும் கீழே நிற்கிறவர்களுக்கு அது ஆமை தலை நீட்டுகிற மாதிரி இருக்கும். பார்ஜ் போர்டை ஆசாரி தகரத்தில் வெட்டிக் கொடுத்தார். ஃபினியலைக் கொடைக்கானலில் கட்டில் கால் கடைகிற கடைசல்காரரிடம் சொல்லிச் செய்தாள். அடியில் குடம் மாதிரி ஒரு உருண்டை, மேலே சின்ன உருண்டை, அதற்கு மேல் கூர். பங்களாவில் இருப்பது பாசி பிடித்துக் கறுத்துக் கிடக்கும். அக்கா வார்னிஷ் அடிக்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

பங்குனி மாதம். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுவதென்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் காலையில் பால் காய்ச்சினால் மத்தியானம் கிடாய் வெட்டி ஊருக்குச் சோறு போட வேண்டும். ஊர் வந்து கைநனைத்தால்தான் அது வீடு. ஊர் கைநனைக்காவிட்டால் எத்தனை கேபிள் இருந்தாலும் அது சாமான் போடுகிற ஷெட்தான்.

இந்த நேரத்தில்தான் முத்துராஜ் அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தானாக ஒரு காரியம் செய்தார். இவ்வளவு ஆசைப்பட்டுச் செய்து வைத்திருக்கிறாளே, வெறும் வார்னிஷா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் அடித்தது போகத் தங்க நிறப் பெயின்ட் மிச்சம் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் அதை எடுத்து ஃபினியல் முழுக்கத் தீட்டி, பழனிக்குமாரை ஏற்றி உச்சியில் நிறுத்திவிட்டார். அக்கா திரும்பி வரும்போது மஞ்சு மூட்டம் இறங்கிவிட்டதால் அவளுக்கு உச்சி தெரியவில்லை.

மறுநாள் வெள்ளனே இருளாயி பீன்ஸ் பறிக்கப் போனாள். மஞ்சு பாதி விலகியிருந்தது. வீடு தெரியவில்லை, சுவர் தெரியவில்லை, மஞ்சுக்கு மேலே வெயில் பட்டுத் தகதகவென்று ஒரே ஒரு தங்கக் கலசம் மட்டும் நின்றது. இருளாயி கூடையைப் போட்டாள், செருப்பை உதறினாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் வீட்டுச் சினைமாடு நாள் தள்ளிப்போய்க் கன்று போடாமல் நின்றது. அது நல்லபடியாகப் பெற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, இடுப்பில் வைத்திருந்த சூடத்தை வாசற்படியில் ஏற்றிவிட்டு, வீட்டைச் சுற்ற ஆரம்பித்தாள்.

பல் விளக்கிக்கொண்டே கொட்டகையை விட்டு வெளியே வந்த அக்கா, இவள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறாள் என்று நினைத்திருக்கிறாள்.

“என்னத்தடி தேடுற?”

“பேசாதக்கா, சுத்து விட்டுப்போயிரும்.”

அக்கா அப்போதுதான் மேலே பார்த்தாள். பேஸ்ட் நுரையோடு வாயைத் திறந்தபடி நின்றாள். திரும்பினால் முத்துராஜ் அண்ணன் வாசலில் நின்று, எப்படி இருக்கு என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்து யாரால் திட்ட முடியும்? நுரையைத் துப்பிவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டாள்.

வெயில் ஏற ஏற ஆள் சேர்ந்தது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக நின்று கும்பிட்டுப் போனார்கள். யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஒரு ஜீப் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, என்ன சாமிங்க, புதுசா என்று கேட்டுத் திருநீறுக்குக் கை நீட்டினார். பெங்களூர் கார் ஒன்று வந்தது. அதிலிருந்தவர்கள் பக்கவாட்டில் நின்றதால் உச்சி தெரியவில்லை, லான்செட் ஜன்னல்தான் தெரிந்தது. சிலுவை போட்டுக்கொண்டு, பூசை எத்தனை மணிக்கு என்று பணிவாகக் கேட்டார்கள். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குக் கறிச்சோறு, வந்துட்டுப் போங்க என்றாள். வெரி நைஸ் சர்ச் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இந்தப் பக்கம் நின்றால் கோயில், அந்தப் பக்கம் நின்றால் சர்ச். வீடு என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

சாயங்காலம் நல்லசாமி வந்தார். வெறுங்காலோடு வந்தார். கோயிலுக்குத்தான் அவர் அப்படி வருவார். அவர் உச்சியைப் பார்த்தார், கீழே பார்த்தார், மறுபடி உச்சியைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் டீ குடித்துவிட்டு வந்து நின்றோம்.

“கலசத்துக்குக் கீழ மனுசன் படுக்கக் கூடாது. செருப்பு ஆகாது. கவுச்சி ஆகவே ஆகாது. கழட்டு, இல்ல வெளக்கு ஏத்திப் பூசை வையி. அம்புட்டுத்தான்.”

“மாமா, இது கலசமில்ல. ஃபினியலு.”

“பேரு என்னவாச்சும் இருந்துட்டுப் போகுது தாயி. உச்சியில நிக்குது, தங்கமா மின்னுது, பாத்தாக் கை தானாக் கும்புடுது. இருளாயி மாடு மத்தியானமே கன்னு போட்டிருச்சு.”

உண்மைதான். மாடு அன்றைக்கென்று பார்த்து, பொட்டைக் கன்றாகப் போட்டிருந்தது. இருளாயி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். கிடாய்க் கறி இங்கே ஊர் தொடாது என்பது முடிவாகிவிட்டது.

அக்கா பே விண்டோவுக்குள் போட்ட பலகையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் சரிவு முழுக்கப் பெட்டிகள் தெரியும். ஒவ்வொரு பெட்டியிலும் ஊர் வந்து கைநனைத்திருக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் வீடு. இவள் கட்டியது மட்டும் வீடில்லை. முத்துராஜ் அண்ணன் உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். சொரண்டிருவமா என்று கேட்டார். அவருக்கு அது நாலாவது வார்த்தை. சுரண்டினால், கலசத்தைச் சுரண்டியவள் என்று பேர் வரும், இறக்கினால் கலசத்தை இறக்கியவள் என்று பேர் வரும் என்றாள் அக்கா. அதோடு, அந்தத் தங்கப் பெயின்ட்டை அவரே சுரண்டுவதை அவளால் பார்க்கவும் முடியாது. இதை அவள் சொல்லவில்லை.

பழனிக்குமார் ஒரு யோசனை சொன்னார். டேம் பக்கத்துல ஒரு வீட்டுல பாருங்க என்று தொடங்கி, ஏறிப்போய்ப் பூச்சு வேலை பக்கெட்டை எடுத்து ஃபினியல் மேல் கவிழ்த்து, ஒரு சாக்கையும் சுற்றிக் கட்டிவிட்டு இறங்கினார். கும்பாபிஷேகத்துக்கு முன்னால் கலசத்தை மூடி வைப்பார்கள் அல்லவா, அச்சு அசல் அப்படியே இருந்தது. வெள்ளகவியிலிருந்து மேலே வந்தவர்கள் இரண்டு பேர், கும்பாபிஷேகம் என்னைக்குங்க என்று தேதி கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். பக்கெட்டை இறக்கியாகிவிட்டது.

சனிக்கிழமை வடுகபட்டி ஜீப் வந்தது. அக்கா தோட்டத்துப் பூண்டு மூட்டைகள் வாசலில் தயாராக இருந்தன. எப்போதும் அவள் வாசலில் நிறுத்தி ஏற்றுகிற வண்டி, அன்றைக்கு ஹாரன்கூட அடிக்காமல் கடந்து போய், வளைவைத் தாண்டி நின்றது. அக்கா பின்னாலேயே ஓடினாள். டிரைவர் இறங்கிப் பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டார்.

“கோச்சுக்காதீகக்கா. பூண்டு வண்டியக் கோயிலு முன்னாடி நிறுத்தப்படாதுல்ல?”

எம் பூண்ட எம் வாசல்ல ஏத்த மாட்டியா என்று தொடங்கிய அக்கா பாதியில் நின்றுவிட்டாள். வாய் அப்படியே இருக்கிறது, கண் மட்டும் வளைவு தாண்டி வீட்டு உச்சிக்குப் போய்விட்டு வந்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நடுரோட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டிரைவர் பயந்துபோய், சாமி வந்துருச்சு என்று வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அக்கா தண்ணீரைக் குடித்துவிட்டு, ரெண்டு மூட்டைய ஏத்தாத, இருக்கட்டும், எனக்குச் சோலி இருக்கு என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சு விலகியபோது ஊர் பார்த்தது இதைத்தான். பார்ஜ் போர்டு நெடுகத் தோரணமாகப் பூண்டு. டார்மரில் ஒரு கொத்து. பே விண்டோவில் சரம் சரமாக. லான்செட் ஜன்னல் கம்பியில் தாளோடு முடிந்த பூண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, தங்க ஃபினியலின் கழுத்தில் மாப்பிள்ளை மாலை மாதிரி இத்தனை தடிமனாக ஒரு பூண்டுக் கட்டு. கட்டிவிட்டு இறங்கிய பழனிக்குமார் தும்மிக்கொண்டே இருந்தார். கீழே பால் பொங்கி வழிந்தது. பின்பக்கம் கிடாய் அடுப்பில் ஏறியிருந்தது.

ஊர் வந்தது. ஆனால் ரோட்டோடு நின்றது. பாதிப்பேர் செருப்பைப் போட்டிருந்தார்கள், பாதிப்பேர் கையில் வைத்திருந்தார்கள். சிலர் ஒற்றைக்காலில் மட்டும் போட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் தீர்ப்பு வந்தாலும் சரி என்று நின்றார்கள். நல்லசாமி முன்னால் வந்தார். வெறுங்கால். கமகமவென்று பூண்டு வாசம் மேலிருந்து இறங்கியது. அவருடைய பார்ஜ் போர்டு இரண்டும் மேலே ஏறின.

“கலசத்துல பூண்டு கட்டிருக்க. சாமி குத்தம் தாயி இது.”

“சாமி இருந்தாத்தான மாமா குத்தம்? கோயிலு வாசல்ல பூண்டு வண்டி நின்னாலே ஆகாதுன்னு பஞ்சரான வண்டியத் தள்ளவிட்ட ஆளு நீங்க. இங்க உச்சியிலயே பூண்டு தொங்குது, பால் பொங்கித்தான் வழியுது. பூண்டு மாலை போட்டு ஒக்காந்திருக்கிற சாமிக்குப் பேரு சொல்லுங்க, இப்பவே நாங்க கொட்டகைக்குப் போயிர்றோம்.”

நல்லசாமி யோசித்தார். பழனி முருகனிலிருந்து ஆரம்பித்து, வழியிலிருக்கிற மாரியம்மன், கருப்பு, கன்னிமார் எல்லோரையும் மனதுக்குள் ஒருமுறை விசாரித்துவிட்டு வந்திருப்பார். யாரும் பூண்டை ஒத்துக்கொள்ளவில்லை போல. சர்ச் கணக்கிலும் பார்த்தார். மாதா கோயில் சப்பரத்தில்கூடப் பூண்டு தொங்கியதில்லை என்று கூட்டத்தில் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பின்பக்கத்தில் யாரோ கறிச்சட்டியின் மூடியைத் திறந்தார்கள். அது தற்செயல் என்று அக்கா இன்றுவரை சொல்கிறாள். மூடியைத் திறந்தது முத்துராஜ் அண்ணன்.

வாசம் ரோட்டுக்கு வந்து சேர்ந்தது. நல்லசாமி திரும்பி, தன் வீட்டுப் பக்கம் கையை நீட்டி, செருப்பைக் கொண்டுவரச் சொன்னார். வந்தது. நிதானமாகக் காலில் மாட்டிக்கொண்டார். செருப்புக் காலோடு வாசல்வரை நடந்தார். வீட்டுக்கு வருகிற விருந்தாளி எங்கே கழற்றுவாரோ அங்கே, படிக்குப் பக்கத்தில் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

“வீடுதான். எலையப் போடுங்க. அம்புட்டுத்தான்.”

அதற்குப் பிறகு எந்தச் செருப்பு யாருடையது என்று சாயங்காலம்வரை தெரியவில்லை. பந்தி பந்தியாக ஊர் கைநனைத்தது. பெங்களூர்க்காரர்கள் சொன்ன சொல் தவறாமல் ஒரு மணிக்கு வந்து, இப்படி ஒரு சர்ச்சை எங்கேயும் பார்த்ததில்லை என்று இரண்டாவது முறை குழம்பு வாங்கினார்கள். அவர்களுக்கு மட்டும் யாரும் விளக்கம் சொல்லவில்லை. பே விண்டோ பலகையில் ஏழெட்டுக் குழந்தைகள் ஏறி உட்கார்ந்து எலும்பு கடித்தன. டார்மர் வழியாகத் தலையை நீட்டிய பழனிக்குமார், அய்யம்பாளையத்திலிருந்து வந்த தன் ஆட்களைக் கூப்பிட்டு, இதுதான் டார்மர், ஜஸ்ட் லுக் அப் என்றார்.

இருளாயிக்கு மட்டும் குழப்பம் தீரவில்லை. சாமி இல்லையென்றால் கன்றைக் கொடுத்தது யார்? அக்காவிடம் சூடத்தைத் திருப்பிக் கேட்டாள். எரிந்துபோன சூடத்தை எப்படித் திருப்பித் தருவது என்று அக்கா கேட்டாள். கடைசியில் இருளாயி கன்றுக்கு ஃபினியல் என்று பேர் வைத்துவிட்டாள். அது இப்போது நன்றாக வளர்ந்துவிட்டது. சாயங்காலம் சரிவில் நின்று ஃபினியல், ஃபினியல் என்று அவள் கத்தினால், கேபிளில் இருப்பது அசையாது, கேரட் தோட்டத்தில் இருப்பது வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும்.

முத்துராஜ் அண்ணனுக்கு இப்போது நாலு வார்த்தை. நாலாவதை மறுபடி பயன்படுத்த இன்னும் வேளை வரவில்லை, தங்கம் அப்படியேதான் இருக்கிறது. அக்கா பங்களா வேலைக்குப் போவதும் நிற்கவில்லை. அறுவடைக்கு அறுவடை பழைய பூண்டை இறக்கிவிட்டுப் புதுப் பூண்டைக் கட்டுகிறாள். இல்லாவிட்டால் யாராவது சூடம் கொளுத்திவிடுவார்கள்.

போன வாரம் நல்லசாமி அந்த வழியாக வந்தார். சும்மா வருகிற மாதிரி வந்தார், சும்மா நிற்கிற மாதிரி நின்றார். உச்சியைப் பார்த்தார். அவருடைய வீடு சரிவிலேயே பெரிய பெட்டி, மேலே மொட்டை மாடி, அதில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. நீண்ட நேரம் தொண்டையைச் செருமிவிட்டு, ஏ மருமவளே, எங்க வீட்டு மாடி மேலயும் அந்த ஃபினியலு ஒண்ணு வச்சா எப்படி இருக்கும் என்று கேட்டார். பூண்டு உரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

“மொட்டத் தலைக்கு எதுக்கு மாமா பூவு? மொதல்ல அந்தத் தண்ணித் தொட்டிய எறக்குங்க, ஒரு கூரையப் போடுங்க, கேபிளு எடுங்க, பெறகு உச்சியில ஃபினியல வையுங்க. வச்ச அன்னைக்கே ஊரு வந்து கோயிலும்பாக, பயப்படாதீக, எனக்கு ஒரு சத்தம் குடுங்க, ஒரு கட்டுப் பூண்டோட வெரசா வந்து நிக்கிறேன். ஆனா ஒண்ணு, கிடா மட்டும் ரெண்டா வெட்டுங்க. ஒண்ணு ஊருக்கு, ஒண்ணு எனக்கு. எங்க வீட்டுல நீங்க தின்ன தீனிக்கு ஒத்தக் கிடா காணாது.”